பொது நிகழ்ச்சிக்குக் கூடாரமும் மேடையும்: நகராட்சி அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது நிகழ்ச்சி நடத்தும் குழுக்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பதில் உதவி வருகிறேன். யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படிவத்தின் பெயரும் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். எண் சொல்ல வேண்டிய இடங்களில் பெரும்பாலும் சர்வதேசத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பின் அளவுகளைச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதைச் சட்டமாக ஏற்றிருக்கின்றன. உங்கள் ஊர் விதி வேறு எண்ணைச் சொன்னால் அந்த எண்தான் செல்லும்.

இரண்டு நாள் நிற்கப்போகும் கூடாரத்துக்குக்கூட அனுமதி வேண்டுமா? நாங்கள் என்ன கட்டடமா கட்டுகிறோம்?

பெரும்பாலும் வேண்டும். எத்தனை நாள் நிற்கும் என்பதைவிட, அதன் அடியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் அதிகாரிக்கு முக்கியம். கட்டடத்துக்கு அஸ்திவாரம் இருக்கிறது. கூடாரத்தைப் பிடித்து நிறுத்துவது சில முளைகளும் கயிறுகளும்தான். அதைக் காலையில் எழுப்பி, மாலையில் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே உட்கார வைக்கிறோம்.

நான் குறிப்பிட்ட விதித்தொகுப்பின்படி 400 சதுர அடிக்கு, அதாவது சுமார் 37 சதுர மீட்டருக்கு, மேற்பட்ட கூடாரத்துக்கு அனுமதி தேவை. நான்கு பக்கமும் திறந்திருந்தால் 700 சதுர அடி வரை விலக்கு உண்டு. ஆனால் மற்றக் கட்டடங்களிலிருந்தும் கூடாரங்களிலிருந்தும் 12 அடி விலகி நிற்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 180 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அது தற்காலிகம் என்ற கணக்கிலேயே வராது.

சொந்த இடத்தில்தான் போடுகிறோம். அப்போதும் கேட்க வேண்டுமா?

இடத்தைப் பயன்படுத்தும் உரிமை ஒன்று, அங்கே கூட்டம் கூட்டுவதற்கான பாதுகாப்பு அனுமதி வேறொன்று. சொந்த இடம் என்றால் முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அவ்வளவுதான். பொதுமக்களை அழைக்கிறீர்கள் என்றால் இரண்டாவதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இடம் வேறொருவருடையது என்றால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தை முதலில் வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதத்தை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்க்காது.

எந்த அலுவலகத்துக்குப் போவது? நகராட்சி, போலீஸ், தீயணைப்பு என்று அலைய விடுகிறார்களே?

அலைச்சல் உண்மைதான். நகராட்சி இடத்தையும் கட்டமைப்பையும் பார்க்கிறது. தீயணைப்புத் துறை துணி, மின்சாரம், வெளியேறும் வழி ஆகியவற்றைப் பார்க்கிறது. கூட்டமும் போக்குவரத்தும் காவல் துறையின் பொறுப்பு. சாலையை மறித்தாலோ தோண்டினாலோ அந்தச் சாலைக்குரிய துறையும் சேர்ந்துகொள்ளும். சில ஊர்களில் ஒற்றைச் சாளர முறை வந்திருக்கிறது. இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இல்லாத ஊரில் வரிசை முக்கியம். இடத்துக்கான சம்மதம், பிறகு வரைபடம், அந்த ஒரே வரைபடத்தின் நகல்கள் எல்லாத் துறைக்கும். ஒரு துறைக்கு ஓர் அளவும் இன்னொரு துறைக்கு வேறோர் அளவும் கொடுத்தால், இரண்டு கோப்புகளும் சந்திக்கும் நாளில் இரண்டும் நின்றுவிடும். எங்கே எதைக் கொடுத்தாலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்?

உங்கள் ஊர் விதியில் குறிப்பிட்ட நாள் இருக்கும். அதை நிகழ்ச்சி நாளிலிருந்து எண்ணாமல், முதல் கம்பு இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரிய மேடை என்றால் கட்டும் வேலை சில நாள் முன்பே தொடங்கிவிடும், அனுமதி அந்த நாளிலேயே கையில் இருக்க வேண்டும். ஒருமுறை திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று வைத்துக்கொண்டு அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

வரைபடம் கையால் வரைந்தால் போதாதா? அதில் என்னதான் இருக்க வேண்டும்?

சிறிய கூடாரத்துக்குக் கையால் வரைந்ததைப் பல இடங்களில் ஏற்கிறார்கள், அளவுகள் சரியாக இருந்தால். கணினியில் அழகாக வரைந்து அளவே போடாத படம்தான் உடனே திரும்பி வரும். டேப் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் அளந்துவிட்டு வந்து வரையுங்கள். நான் பார்த்தவரை, விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இந்தத் தாளில்தான்.

கூடாரத்தின் நீள அகலம், மேடையின் நீள அகல உயரம், நாற்காலி வரிசைகள், நடைவழிகள், வெளியேறும் வாயில்களும் அவற்றின் அகலமும், தீயணைப்பான்கள் தொங்கும் இடம், ஜெனரேட்டர், மின்பலகை, முதலுதவி இடம், கழிப்பறை ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். சுற்றிலும் இருப்பதையும் காட்டுங்கள்: அருகிலுள்ள கட்டடங்கள், மரங்கள், தலைக்கு மேல் போகும் மின்கம்பிகள், தீயணைப்பு வண்டி வரும் பாதை. அந்தப் பாதைக்கு 20 அடி அகலம் கேட்கிறது விதித்தொகுப்பு.

பலரும் விட்டுவிடுவது இழுகயிறுகளை. துணியின் ஓரத்தோடு கூடாரம் முடிந்துவிடுவதில்லை. கயிறு சாய்வாக இறங்கி முளையைத் தொடும் இடம் ஒன்றிரண்டு மீட்டர் வெளியே இருக்கும். காகிதத்தில் 12 அடி இடைவெளி கச்சிதமாக இருக்கும். தரையில் அதே இடைவெளிக்குள் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இருட்டில் ஓடி வருகிறவர் காலில் முதலில் படுவது அந்தக் கயிறுதான். ஆகவே முளைகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். நடமாட்டம் உள்ள பக்கத்தில் கயிற்றுக்குத் தடுப்பு வைக்கப்போவதையும் குறியுங்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போதே எப்படிச் சொல்வது? குறைத்துப் போட்டால் அனுமதி சுலபமாகக் கிடைக்காதா?

வரப்போகிறவர்களை ஊகிக்கத் தேவையில்லை. உள்ளே எத்தனை பேர் கொள்ளும் என்பதே கணக்கு, அதைப் பரப்பளவு சொல்லிவிடும். நாற்காலி போட்டால் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர், மேசையும் நாற்காலியும் என்றால் 1.4, நின்றுகொண்டிருந்தால் 0.46. 20 மீட்டருக்கு 30 மீட்டர் கூடாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையும் நடைவழியும் போக 420 சதுர மீட்டர் மிஞ்சினால், நாற்காலியில் 646 பேர், மேசையோடு 300 பேர், நின்றால் 913 பேர். இருக்கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தை நிற்க வைத்தால் அதே கூடாரத்தின் கணக்கே மாறிவிடுகிறது.

இந்த எண்தான் வாயில்களைத் தீர்மானிக்கிறது. 199 பேர் வரை இரண்டு வாயில், 200 முதல் 499 வரை மூன்று, 500 முதல் 999 வரை நான்கு, 1000 முதல் 1999 வரை ஐந்து. அவை சுற்றிலும் பரவி இருக்க வேண்டும். உள்ளே எந்த இடத்திலிருந்தும் 100 அடிக்குள் ஒரு வாயில் எட்ட வேண்டும்.

எண்ணைக் குறைத்து எழுதுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். பரப்பளவு வரைபடத்திலேயே இருப்பதால் அதிகாரி நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காமல் போனால் அது அதைவிட மோசம்: அறுநூறு பேர் இருக்கும் இடத்தில் இருநூறு பேருக்கான வாயில்கள்.

கூடாரத் துணிக்குத் தீத்தடுப்புச் சான்று கேட்கிறார்கள். அதை எங்கே வாங்குவது?

வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேளுங்கள். அவர் துணியைத் தயாரித்தவரிடமிருந்து வாங்கி வைத்திருக்க வேண்டும். பல நாடுகளில் என்எஃப்பிஏ 701 என்ற சோதனை முறைப்படி சான்று தருகிறார்கள். இந்தியாவில் தற்காலிகக் கட்டமைப்புகள், பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கென்றே ஐஎஸ் 8758 என்ற தரநிலை இருக்கிறது. சான்றில் உள்ள துணியும் உங்கள் கூடாரத்தில் ஏறப்போகும் துணியும் ஒன்றுதானா என்று துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் பட்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மேலே பூசிய தீத்தடுப்பு மருந்து துவைக்கத் துவைக்க, மழையில் நனைய நனைய வலுவிழக்கும். பழைய தேதியிட்ட சான்றை நம்பாதீர்கள்.

இதைச் சடங்காக நினைப்பவர்களிடம் இரண்டு விபத்துகளைச் சொல்வேன். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு சர்க்கஸ் கூடாரம் பற்றி எரிந்து 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மழை ஒழுகாமலிருக்க அந்தத் துணிக்குப் பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு பூசியிருந்தார்கள். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் தப்வாலியில் பள்ளி விழா ஒன்றில் செயற்கை இழைப் பந்தல் தீப்பிடித்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். உருகிய துணி மேலே விழுந்துகொண்டிருக்க, வெளியேறப் போதிய வழி இல்லை. துணியையும் வாயிலையும் தீயணைப்பு அதிகாரி சேர்த்தே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தீத்தடுப்புத் துணி எரியவே எரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தீ மெதுவாகப் பரவும், சுடரை அகற்றினால் அணையும். அது தரும் சில நிமிடங்களில் ஆட்கள் வெளியேற வேண்டும்.

மேடைக்குப் பொறியாளர் கையெழுத்து எதற்கு? எங்கள் மேடைக்காரர் காலம் காலமாகப் போடுகிறவர்.

அவருடைய கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன், நல்ல மேடை அவர் கையில்தான் உருவாகிறது. ஆனால் அவர் அனுபவம் இதுவரை வீசிய காற்றைப் பற்றியது, பொறியாளர் கணக்கு இனி வீசக்கூடிய காற்றைப் பற்றியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டர் காற்று 24 கிலோ. முதல் காற்றில் அசையாத மேடை இரண்டாவதில் நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் தொங்கிய மேடைக்கூரை புயல்காற்றில் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கூரையைப் பிடித்திருந்த கம்பிகளைக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளில் கட்டியிருந்தார்கள். அந்த எடை போதவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. கூரையில் எதையும் தொங்கவிடுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றின் எடையையும் பட்டியலிட்டுப் பொறியாளரிடம் கொடுங்கள். ‘ஒலி, ஒளிக் கருவிகள்’ என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் கணக்குப் போட முடியாது.

தார்ச்சாலையில் முளை அடிக்க விடமாட்டார்கள். தண்ணீர் டிரம் கட்டினால் ஏற்பார்களா?

ஏற்பார்கள், எடைக் கணக்கு இருந்தால். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கூடாரம் 100 சதுர மீட்டர். மேலே சொன்ன 72 கிலோமீட்டர் காற்று கூரையை முழு அழுத்தத்தோடு தூக்கினால் 2400 கிலோ. 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் என்றால் 200 கிலோ, ஆக 12 டிரம். மூலைக்கு ஒன்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூரையின் வடிவம், பக்கத்துணி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். துல்லியமான கணக்கைப் பொறியாளர்தான் தர வேண்டும்.

இன்னொரு ஆபத்து, சறுக்கல். சாய்வான கயிறு டிரம்மை மேலே தூக்குவதோடு பக்கவாட்டிலும் இழுக்கும். நனைந்த தாரில் பிளாஸ்டிக் டிரம் தன் எடையைவிட மிகக் குறைந்த இழுப்பிலேயே நகர ஆரம்பிக்கும். அடியில் ரப்பர் விரிப்பு, டிரம்களை ஒன்றோடொன்று பிணைப்பது, மூடி இறுக்கமாக இருப்பது ஆகியவற்றைச் சரிபார்த்து விண்ணப்பத்திலும் எழுதுங்கள். மண்தரையில் முளை அடிப்பதாக இருந்தால் கீழே குழாய், கேபிள் போகிறதா என்று கேட்டுவிட்டு அடியுங்கள்.

ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் வைத்தால் என்ன?

கூடாரத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள், சுற்றிலும் தடுப்பு போடுங்கள். எரிபொருளை நிகழ்ச்சி நடக்கும்போது நிரப்பாதீர்கள். எர்த் இணைப்பு, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான், நடைவழியைக் கடக்கும் கேபிளுக்கு மூடி ஆகிய மூன்றையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். சமையல் உண்டு என்றால் அதற்கும் 20 அடி தள்ளித் தனிக்கூடாரம்.

சின்னச் சின்னக் கூடாரங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அனுமதி அளவுக்குள் வந்துவிடுமே?

வராது. நடுவில் 12 அடி இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்பவற்றை ஒரே கூடாரமாகத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். அது நியாயமும்கூட, தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் தடுக்க இடைவெளி இல்லையே. உண்மையாகவே இடைவெளி விட்டால் விலக்கு கிடைக்கலாம். முன்பு சொன்ன இழுகயிறுகள் அந்த இடைவெளியைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்துவிட்டது. பின்னால் ஒரு பேனர், பக்கத்தில் இரண்டு தார்ப்பாய், இதற்கெல்லாமா மறுபடியும் கேட்க வேண்டும்?

கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் நடக்கும் மாற்றங்களில் எனக்கு அதிகம் கவலை தருவது இந்த பேனர்தான். 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 60 சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் காற்றில் ஏறக்குறைய 1440 கிலோ தள்ளல், முழுவதும் மேடையின் பின்கால்களில். பொறியாளர் கணக்குப் போட்டபோது அங்கே வெறும் குழாய்ச் சட்டம்தான் இருந்தது. பாய்மரம் கட்டிய படகுபோல மேடை காற்றை வாங்க ஆரம்பித்துவிடும்.

தார்ப்பாய் இரண்டு வேலை செய்யும். திறந்த கூடாரத்தை மூடிய கூடாரமாக்கி, முதல் கேள்வியில் சொன்ன 700 சதுர அடி விலக்கைப் பறிக்கும். வரைபடத்தில் காட்டிய வாயிலையும் மறைக்கும். நாற்காலி நிறம், மேடை அலங்காரத்தின் வடிவம் போன்றவற்றுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. காற்று, எடை, தீ, வழி இவற்றில் ஒன்றைத் தொடும் மாற்றம் என்றால் திருத்திய வரைபடத்தோடு போங்கள்.

ஆய்வுக்கு வருபவர் என்ன பார்ப்பார்?

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். அவர் வருவதற்கு முன் நீங்களும் அப்படியே ஒருமுறை நடந்து பாருங்கள். வாயிலில் நின்று கையை விரியுங்கள்: காட்டிய அகலம் இருக்கிறதா, எதிரே யாராவது வண்டி நிறுத்தியிருக்கிறார்களா, மிஞ்சிய நாற்காலிகளை அங்கே அடுக்கிவிட்டார்களா? கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி நடக்கிறது. வாயிலைக் காட்டும் பலகை விளக்கு அணைந்தாலும் தெரிய வேண்டும். வரிசையில் உள்ள நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால், நெருக்கடியில் கவிழ்ந்து வழியை அடைக்காது.

பிறகு முளை, கயிறு. கயிற்றைக் கையால் அழுத்திப் பார்ப்பார். மழை பெய்திருந்தால் முளையைச் சுற்றி மண் இளகி வளையம்போல் பிளந்திருக்கும், அதையும் குனிந்து பார்ப்பார். மேடைக்கு அடியில் அட்டைப்பெட்டி, பழைய துணி கிடந்தால் எடுக்கச் சொல்வார். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, பக்கத்தில் நிற்பவருக்கு இயக்கத் தெரியுமா என்று கேட்பார். தெரிந்த ஒருவரையே அங்கே நிறுத்துங்கள்.

காற்றும் மழையும் வந்தால் நிறுத்துவது யார்? அதையும் எழுதித் தர வேண்டுமா?

கேட்காவிட்டாலும் எழுதித் தாருங்கள். பொறியாளர் சான்றில் கட்டமைப்பு தாங்கும் காற்றின் வேகம் இருக்கும். அதற்குக் கீழே இரண்டு படிகள் வையுங்கள்: முதல் படியில் பேனரை இறக்கி, பக்கத்துணியைப் பற்றி என்ன செய்வது என்று பொறியாளர் சொன்னபடி செய்வது, இரண்டாவதில் மக்களை வெளியேற்றுவது. மேடை உச்சியில் காற்றுமானி ஒன்று இருந்தால் ‘பலமாக அடிக்கிறதா, இல்லையா’ என்ற விவாதமே வராது.

முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். அவர் பெயர் தாளில் இருக்கட்டும், ஒலிபெருக்கி அவர் கைக்கு எட்டட்டும். இண்டியானாவில் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. மக்களை வெளியேற்றும் முடிவுதான் நேரத்தில் வரவில்லை. தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தும் அதிகாரம் அந்த ஒருவருக்கு உண்டு என்பதைக் குழுவில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். மக்கள் போய் நிற்க வேண்டிய இடம் எது என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வாயில் எண்ணிக்கை, விடுபட்ட சான்று, இரண்டு தாள்களில் இரண்டு அளவு என்று திருத்தக்கூடியதாகவே இருக்கும். திருத்தி மறுபடி கொடுப்பது மேல்முறையீட்டைவிட விரைவாக முடியும். காரணமே சொல்லாமல் மறுத்தால், ஒப்புகைச் சீட்டையும் கடித நகல்களையும் இணைத்து அடுத்த நிலை அதிகாரிக்கு எழுதுங்கள்.

அனுமதி வாங்கிவிட்டோம். பிறகு ஏதாவது நடந்தால் நகராட்சிதானே பொறுப்பு?

அப்படி நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் காட்டியபடி கட்டலாம் என்பதற்குத்தான் அனுமதி. கட்டியதற்கும் நடத்தியதற்கும் கையெழுத்திட்ட அமைப்பாளரே முதலில் பதில் சொல்ல வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது கட்டும் நாளும் பிரிக்கும் நாளும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் இருப்பது அந்த நாட்களில்தான். அவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் இருக்கின்றனவா என்று கேட்பதும் உங்கள் வேலை.

கட்டிய வைப்புத்தொகையை எப்படித் திரும்ப வாங்குவது?

முதல் கம்பு இறங்குவதற்கு முன் இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காலி செய்த பிறகு அதே கோணங்களில் மறுபடி எடுங்கள். முளைக் குழிகளை மண் போட்டு இடித்து மூடுங்கள், ஆணியும் கம்பித்துண்டும் தரையில் கிடக்காமல் பொறுக்குங்கள், மரத்தில் கட்டிய கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். அன்றே அதிகாரியை வரவழைத்து இடத்தை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கி, அதன் நகலோடு தொகைக்கு விண்ணப்பியுங்கள்.